பூண்டுக் கொட்டகையில் ஒரு குத்துச்சண்டைக்காரி

கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதுதான். வத்தலகுண்டிலிருந்து மேலே ஏறும் வளைவுகள் என் வயிற்றை ஒரு வழி பண்ணியிருந்தன. பக்கத்து இருக்கையில் வந்த புதுமாப்பிள்ளை, மனைவிக்கென்று வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை என் நிலைமையைப் பார்த்து எனக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு கடைசி வளைவு வரை அவரிடம் பேசவில்லை. ஒரு தேனிலவின் முதல் சண்டைக்குக் காரணமாகிவிட்டோமே என்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பழத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலையில் நான் இல்லை.

சண்டைதான் எனக்குத் தொழில். பெயர் மல்லிகா, வயது நாற்பத்து நான்கு, ஊர் வடசென்னை வியாசர்பாடி. இருபது வருடங்களாகப் பெண்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் முதல் நாள் முதல் பாடம் கையைப் பற்றியது இல்லை, காலைப் பற்றியது. எது வந்தாலும் நிற்க வேண்டும், கீழே மட்டும் விழக்கூடாது. இதைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதிக்கூட வைத்திருக்கிறேன்.

போன மாதம் என் மாணவி ஜெனிஃபர் விழுந்துவிட்டாள். அவள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்து சாயங்காலம் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது ஒருவன் பையைப் பறித்திருக்கிறான். நான் சொல்லிக்கொடுத்தபடியே மூக்கில் இரண்டு குத்து விட்டிருக்கிறாள், இரண்டும் பட்டிருக்கின்றன. ஆனால் அவன் அவளைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துவிட்டான். ஆட்கள் ஓடிவந்ததால் தப்பித்தாள். மணிக்கட்டில் கட்டோடு வகுப்புக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"விழுந்த பிறகு என்ன பண்றது மாஸ்டர்? அதை நீங்க சொல்லித்தரவே இல்லயே. தெரிஞ்சா சொல்லுங்க, வரேன்."

போய்விட்டாள். எனக்கு முதலில் அந்தத் திருடன் மேல் கோபம் வந்தது. அப்புறம் ஜெனிஃபர் மேல் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அது வரவேண்டிய இடத்துக்கு, என்னிடமே வந்தது. இருபது வருடம் பாதிப் பாடத்தை முழுப் பாடம் என்று நடத்தியிருக்கிறேன். தெரிந்த நடுவர் ஒருவர், "கொடைக்கானல் மேல்மலையில ஒரு பொண்ணு தரைச் சண்டை கத்துத்தருது, ஜுஜிட்சு. போய்ப் பாரு" என்றார். வகுப்புக்கு ஒரு வாரம் பூட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கம்பத்தை விட்டதும் ஒரு பிரெட் ஆம்லெட்டும் இரண்டு டீயும் உள்ளே போயின. குளிரில் டீ தம்ளரைக் குடிப்பதற்காகப் பிடிக்கிறார்களா, கை காய்வதற்காகப் பிடிக்கிறார்களா என்று சொல்ல முடியாத ஊர். அங்கிருந்து மேல்மலையில் இருக்கும் பூம்பாறைக்கு இன்னொரு பேருந்து. பாதி தூரத்தில் அது நின்றது. எட்டிப் பார்த்தால், சாலையின் நடுவில் ஒரு காட்டுமாடு. மேலே கறுப்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை, பள்ளிக்கூடத்துப் பையன் காலுறை போட்ட மாதிரி. அகலத்தில் எங்கள் பேருந்துக்கு ஈடு கொடுக்கும் போலிருந்தது.

"ஹார்ன் அடிங்களேன்" என்றேன்.

கண்டக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுக்கு ஒரு சோலியும் இல்லங்க. நமக்குத்தான் சோலி. அது போறப்ப போகும்."

எங்கள் ஊரில் சிக்னல் பச்சையாவதற்கு முன்பே பத்து ஹார்ன் கேட்கும். இங்கே நாற்பது பேர் ஒரு மாட்டுக்காகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் ஒருவர் கடலை உடைத்து எல்லோருக்கும் பங்கு வைத்தார். அரை மணி நேரம் கழித்து மாடு எங்களை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கிப் போனது.

பூம்பாறை நிறுத்தத்தில் என் ஆசிரியை காத்திருந்தாள். கௌசல்யா, இருபத்தேழு வயது. கோயம்புத்தூரில் உடற்கல்வி படித்தபோது தரைச் சண்டை கற்று, போட்டிகளுக்குப் போய், கல்யாணமாகி ஊருக்குத் திரும்பியவள். வீட்டுக்காரர் முருகேசன் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். இருவருக்கும் சேர்ந்து மலைச்சரிவில் கேரட்டும் பூண்டும் போட்ட தோட்டம். ஆளைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. என் தோள் உயரம், எடையில் என்னில் முக்கால்வாசி இருந்தால் அதிகம்.

"வாங்கக்கா. அலுப்பா இருப்பீங்க. சுடுதண்ணி போட்டு வச்சிருக்கேன், வெரசா குளிச்சிட்டு வாங்க, சாப்புடுவோம்" என்று என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

சாப்பாடு பூண்டுக் குழம்பு, பூண்டு போட்ட ரசம், பட்டர் பீன்ஸ் பொரியலிலும் பூண்டு. மோருக்கு வந்ததும் பூண்டு முடிந்தது என்று நினைத்தேன். ஊறுகாயில் இருந்தது.

மறுநாள் வெள்ளனே எழுப்பிவிட்டாள். பயிற்சி நடந்த இடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூண்டுக் கொட்டகை. ஒரு பாதியில் மேலே குச்சிகளில் பூண்டுக் கட்டுகள் தலைகீழாகத் தொங்கின. பூண்டு கெடாமல் இருக்க அவற்றுக்கு அடியில் புகை மூட்டுவார்களாம். எனக்காக அந்த வாரம் அடுப்பை அணைத்திருந்தார்கள். மறுபாதியில் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் போட்டு, அதற்கும் மேலே ரப்பர் விரிப்பு.

"முதல்ல நீங்க என்னைய அடிங்கக்கா" என்றாள் கௌசல்யா.

பாவம், சின்னப் பெண் என்று இடது கையை லேசாக நீட்டினேன். கை முகத்துக்கு வருவதற்கு முன்பே அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆகா, ஒரே வாரத்தில் நான்தான் இவளுக்குப் பாடம் நடத்தப்போகிறேன் என்று நினைத்த அதே நொடியில், மூடிய கண்ணோடு அவள் குனிந்து என் இரண்டு முழங்காலையும் சேர்த்துப் பிடித்தாள். அடுத்து நான் பார்த்தது பூண்டுக் கட்டுகளை. மல்லாந்து கிடந்தேன்.

அன்று மட்டும் பதினொரு முறை கூரையைப் பார்த்தேன். நின்று அடிக்கும் சண்டைக்கும் தரைச் சண்டைக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் தோன்றுவது இடைவெளி. எங்கள் சண்டையில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை நீளம் எப்போதும் உண்டு. அந்த இடைவெளிதான் எங்கள் சொத்து. யாராவது கட்டிப்பிடித்தால் நடுவர் வந்து பிரித்துவிடுவார். விழுந்தால் எதிராளி மூலைக்குப் போய் நிற்பார், நடுவர் எண்ணுவார், எழுந்து மூச்சு விடலாம். தரைச் சண்டையில் கட்டிப்பிடித்த பிறகுதான் கதையே ஆரம்பம். எதிராளியின் அக்குளுக்குள் முகம் புதைந்து, அவள் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று தெரிந்துகொண்டு, அதே நேரத்தில் யோசிக்கவும் வேண்டும். கௌசல்யா காலையில் சாப்பிட்டதும் பூண்டுதான்.

கஷ்டமும் வேறு மாதிரி. குத்துச்சண்டையில் மூன்று நிமிடம் ஆடினால் கால் கெஞ்சும், தோள் எரியும். இங்கே கழுத்து, விரல், விலா, காது மடல் என்று நான் இதுவரை கணக்கில் சேர்க்காத உறுப்புகள் எல்லாம் தாங்களும் இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தன.

பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள் படுக்கையிலிருந்து எழவே முடியவில்லை. கௌசல்யா விடுமுறை விட்டாள். முருகேசன் வண்டியில் என்னைக் கொடைக்கானலில் இறக்கிவிட்டார். ஏரிக்கரையில் குதிரைகளும் சைக்கிள்களும் குடும்பங்களும் நெரிந்தன. ஊட்டி வர்க்கி இங்கேயும் கிடைக்கிறது, சாக்லேட் எல்லாக் கடையிலும் வீட்டிலேயே செய்ததாம். எத்தனை வீடு என்றுதான் தெரியவில்லை. நான் தைலக் கடைக்குள் நுழைந்தேன், அதாவது நொண்டிக்கொண்டு நுழைந்தேன்.

"குதிரையில இருந்து விழுந்துட்டீங்களா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"இல்லங்க. ஒரு பொண்ணு தூக்கிப் போட்டுச்சி."

அவர் ஒரு நிமிடம் என்றோ மேடையில் உடைந்த என் மூக்கையும் தோளையும் அளந்தார். "பெரிய பாட்டிலே எடுத்துக்கங்க" என்றார்.

நான்காம் நாள் விளையாட்டு கசந்துவிட்டது. தரைச் சண்டையில் ஒரு வழக்கம் உண்டு. பிடி இறுகி, தாங்காது என்று தெரிந்தால் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டினால் போதும், அந்தக் கணமே விட்டுவிடுவார்கள். தோற்றேன் என்று வாயால் சொல்லக்கூட வேண்டியதில்லை. என் ஆயுளில் இவ்வளவு நாகரிகமான விதியைப் பார்த்ததில்லை. ஆனால் எனக்குத் தட்டக் கை வரவில்லை. வியாசர்பாடியில் யார் தட்டுவார்கள்? கௌசல்யாவின் கை கழுத்தைச் சுற்றி இறுகியபோது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கூரையின் ஓரங்கள் கறுத்துக்கொண்டே வந்தன. அவளே சந்தேகப்பட்டு விட்டுவிட்டாள்.

"என்னக்கா பண்ணிக்கிருக்கீங்க? தட்டுறதுக்கு என்ன கொள்ளை? மயங்கி விழுந்தா உங்க ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டாள். வயது வித்தியாசத்தை எல்லாம் மறந்துவிட்டாள், அது நியாயம்தான்.

அன்று மாலை அவள் என் வயிற்றின் மேல் உட்கார்ந்து, "இப்ப தப்பிச்சு வாங்க" என்றாள். இரண்டு கையாலும் தள்ளினேன். குத்தப் பார்த்தேன், படுத்துக்கொண்டு விடும் குத்தில் ஒரு கொசுகூடச் சாகாது. சொல்லிக்கொடுத்த எதுவும் ஞாபகம் வரவில்லை. மூச்சு மேலே மேலே போனது. விளையாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் நாற்பத்துச் சொச்சம் கிலோப் பெண்ணுக்கு அடியில் எனக்கு இந்தப் பயம் என்றால், ஜெனிஃபருக்கு அன்று எப்படி இருந்திருக்கும்? அழுதுவிட்டேன். கௌசல்யா பதறி எழுந்து, அடிபட்டுவிட்டதோ என்று என் விலாவைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு இது வராது கௌசல்யா. நாளைக்குக் கெளம்பறேன்" என்றேன். ஜெனிஃபரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். எனக்கும் தெரியவில்லை என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பையைக் கட்டி வைத்துவிட்டேன். முருகேசன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கேரட் ஏற்றிப் போகும் வழியில் என்னைக் கொடைக்கானலில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. ஆனால் இரவெல்லாம் மழை. பிக்கப் வண்டி தோட்டத்துக்கு ஏறும் பாதையில் பாதியிலேயே சேற்றில் புதைந்துகொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வழுக்கும் ஒற்றையடிப் பாதையில் மூட்டைகளை வண்டி வரைக்கும் தூக்கி இறக்கியாக வேண்டும்.

தோட்ட வேலைக்கு வந்திருந்த பஞ்சவர்ணம் என்ற பெண் தலையில் மூட்டையோடு முன்னால் போனாள். என் வயதுதான் இருக்கும். பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வெட்கமாக இருந்தது. "எனக்கும் ஒண்ணு ஏத்துங்க" என்றேன்.

"பைய வாங்கக்கா, பாதை வழுக்கிக் கெடக்கு" என்றாள் கௌசல்யா. நான் கேட்கவா போகிறேன்? இருபது வருடம் காலாட்டம் பழகியவள்.

பத்தடி போனதும் இடது கால் வழுக்கியது. "உக்காருங்க! உக்காருங்க!" என்று மேலேயிருந்தும் கீழேயிருந்தும் ஒரே குரலாகக் கத்தினார்கள். நான் உட்காரவில்லை. முன்னால் இரண்டு எட்டு, பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று என்று எனக்குத் தெரிந்த ஆட்டம் முழுவதையும் ஆடி நிற்கப் பார்த்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் வேகம் கூடியது. கடைசியில் நானும் மூட்டையும் தனித்தனியே பறந்து, அடுத்த அடுக்கில் இருந்த கேரட் பாத்தியில் முகம் குப்புற விழுந்தோம். மண் மெத்தென்று இருந்ததால் பல் தப்பியது.

பஞ்சவர்ணம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து என்னைப் புரட்டினாள். வாயிலிருந்த மண்ணைத் துப்பினேன்.

"எதுக்குங்க நிக்கப் பாத்தீங்க? வழுக்குனா உக்காந்துர வேண்டியதுதான. நாமளா உக்காந்தா எந்திரிச்சுக்கிரலாம். அது தள்ளி விழுந்தா எங்க போய்ச் சேருவோம்னு யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு அவள் என் மூட்டையையும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். சேற்றில் உட்கார்ந்தபடியே அவர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் பஞ்சவர்ணத்துக்கு ஒருமுறை, கௌசல்யாவுக்கு இரண்டு முறை வழுக்கியது. கால் நழுவிய அந்தக் கணமே மூட்டையைச் சரிவின் மேல்பக்கம் தள்ளிவிட்டு, சட்டென்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கை பின்னால் மண்ணில், ஒரு கால் மடங்கி, ஒரு கால் நீட்டி. கொஞ்சம் சறுக்கி நின்றதும், ஊன்றிய கையிலும் மடக்கிய காலிலும் பாரம் கொடுத்து, நீட்டிய காலைப் பின்னால் இழுத்து எழுந்தார்கள். சேலையைத் தட்டிக்கொண்டு பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அந்த எழுந்திருக்கும் விதத்தைத்தான் கௌசல்யா மூன்று நாளாக எனக்கு விரிப்பின் மேல் காட்டிக்கொண்டிருந்தாள். விழுவதை ஒத்துக்கொள்ளாத எனக்கு எழுவது மட்டும் எப்படி வரும்?

சக்கரத்துக்கு அடியில் கல் போட்டு எல்லோருமாகத் தள்ளியதில் வண்டி சேற்றை விட்டு வெளியே வந்தது. கிளம்பும்போது முருகேசன் கேட்டார். "ஏறலீங்களா?"

"நீங்க போய்ட்டு வாங்க தம்பி" என்றேன்.

அன்று பிற்பகல் கொட்டகையில் கௌசல்யா என் முழங்காலுக்கு வந்தபோது நான் மல்லுக்கு நிற்கவில்லை. நானே உட்கார்ந்தேன். அவள் மேலே ஏறினாள், பயம் வந்தது, ஆனால் இம்முறை மூளையும் கூடவே இருந்தது. அவள் கை ஒன்றை நெஞ்சோடு பூட்டி, அதே பக்கத்துக் காலை என் காலால் அணைத்து, இடுப்பைத் தூக்கி அந்தப் பக்கமே புரட்டினேன். அவள் கீழே, நான் மேலே. இரண்டு பேரும் ஆளுக்கொரு கத்து கத்தியதில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஞ்சவர்ணம் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் ஆறேழு முறை கழுத்தில் மாட்டினேன், ஒவ்வொரு முறையும் தாராளமாகத் தட்டினேன்.

ஆறாம் நாள் கடனைத் திருப்பினேன். கௌசல்யாவைச் சுவரோரமாக நிறுத்தி முகத்துக்கு நேரே கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பொட்டுப் பொட்டென்று நெற்றியில் வாங்கி, தலையை விலக்கிப் பழகினாள்.

"போட்டியில ஒருத்தரும் அடிக்க மாட்டாய்ங்கக்கா. அதனாலயே இதைப் பழகாம விட்டுட்டேன். வெளிய ஒருத்தன் அடிச்சா நான் அவன் காலைப் பிடிக்கிறதுக்குள்ள என் மூக்கு போயிரும்ல?" என்றாள்.

"மூக்கு போனா என்னை மாதிரி அழகா இருப்பே" என்றேன். அவள் மறுத்துச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

எது பெரியது என்று இருவரும் அன்று மதியச் சாப்பாடு முழுக்கச் சண்டை போட்டோம். எதிரில் இரண்டு பேர் வந்தால் தரையில் உருள முடியாது, நின்று அடித்து ஓட வேண்டும் என்றேன் நான். ஒருத்தன் கட்டிப்பிடித்துவிட்டால் உங்கள் கை இருந்தும் இல்லாத மாதிரிதான் என்றாள் அவள். இரண்டும் சரி. குழம்பு ஆறிப்போனதுதான் மிச்சம்.

வீடு திரும்பி, ஜெனிஃபருக்கு "கொஞ்சம் தெரிஞ்சுது, வா" என்று ஒரு வரி அனுப்பினேன். சனிக்கிழமை வகுப்புக்கு வந்தாள். மணிக்கட்டில் கட்டைப் பிரித்திருந்தார்கள். உடை மாற்றவில்லை, சுடிதாரோடு சுவரில் சாய்ந்து நின்றாள். மற்ற பெண்கள் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

இருபது வருடமாக அவர்கள் முன்னால் நின்று மட்டுமே பேசியவள், அன்று நடுவில் போய் மல்லாந்து படுத்தேன். "உங்களுக்குப் பாதிதான் சொல்லிக் குடுத்திருக்கேன். தப்பு என்னுது. மீதியில எனக்கும் ஒரு வாரம்தான் அனுபவம், சேந்து கத்துக்குவோம். ஜெனிஃபர், வந்து என் மேல உக்காரு" என்றேன்.

தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். முதல் தடவை என்னால் அவளைப் புரட்ட முடியவில்லை. ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். இரண்டாவது தடவை புரட்டிவிட்டு எழுந்து நின்றேன். ஜெனிஃபர் தரையில் கிடந்தபடியே என்னைப் பார்த்தாள். எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் துப்பட்டாவை உருவி ஓரமாக எறிந்துவிட்டு அதே இடத்தில் நேராகப் படுத்துக்கொண்டாள்.

"இப்ப நீங்க உக்காருங்க மாஸ்டர்."

பட்டும் படாமல் உட்கார்ந்தேன்.

"முழு வெயிட்டும் போடுங்க. அவன் போட்டான்."

போட்டேன். அவள் மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. எழுந்துவிடலாமா என்று நினைத்தபோது அவள் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு இறுக்கினாள். முதல் முறை முடியவில்லை. இரண்டாவது முறையும் முடியவில்லை. மூன்றாவது முறை நான் பக்கவாட்டில் போய் விழுந்தேன். என் தோள் நன்றாகவே வலித்தது.

திரும்பிப் பார்த்தபோது ஜெனிஃபர் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். புறங்கையால் துடைத்துவிட்டு, "இன்னொரு தடவ" என்றாள்.